லாபம், ரெண்டு, மூணு: கத்தி எண்ணுற விளையாட்டுல நான் தோத்த கதை



போன வாரம் போட்ட எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவைப் பார்த்துட்டு ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, எனக்கு ஷூ சேர்க்குற பழக்கம். சம்பளம் 28,000. இதை நிறுத்தினாத்தான் பணம் சேருமா?"

இந்தக் கேள்விக்கு "ஆமா, நிறுத்துங்க"ன்னு ஒரே வரியில பதில் சொல்லிட்டுப் போகலாம். பணத்தைப் பத்திப் பேசுற நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு அந்தப் பதில்ல உடன்பாடு இல்லை. ஏன்னா நானும் ஒண்ணு சேர்த்தவன்தான். ஷூ இல்லை, மடக்குக் கத்தி. பேனாக்கத்தின்னு ஊர்ல சொல்வோமே, அது. அதனால வாங்கின அடியைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். வீடியோல இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. எழுதுறது ஈஸி.

விளையாட்டு இதுதான்

இணையத்துல பேனாக்கத்தி சேர்க்குறவங்க நடுவுல ஒரு எண்ணுற விளையாட்டு இருக்கு. ரொம்ப சிம்பிள். ஒருத்தர் 1-ன்னு ஆரம்பிப்பார். அடுத்தவர் 2. அதுக்கடுத்தவர் 3. ஆனா சும்மா நம்பர் போட்டா செல்லாது. அந்த நம்பரை ஏதாவது ஒரு விதத்துல காட்டுற கத்தியோட போட்டோ போடணும். ஒரே ஆள் தொடர்ந்து ரெண்டு நம்பர் போடக் கூடாது. பரிசு கிடையாது, ஜெயிக்குறவர் கிடையாது. எண்ணிக்கை மேல போயிட்டே இருக்கணும், அவ்வளவுதான்.

கத்தியில நம்பர் எங்க இருக்குன்னு கேக்குறீங்களா? அங்கதான் சுவாரசியமே. பிரான்ஸ்ல ஓபினெல்னு ஒரு கத்தி. மரக் கைப்பிடி, பாக்க நம்ம ஊர் பேனாக்கத்தி மாதிரியே இருக்கும். 1890ல ஜோசஃப் ஓபினெல் செஞ்சது. 1897ல இதை 1-லேர்ந்து 12 வரைக்கும் பன்னிரண்டு சைஸ்ல நம்பர் போட்டு வித்தாங்க. அப்புறம் 1930கள்ல 1, 11 ரெண்டையும் நிறுத்திட்டாங்க. அதாவது வரிசையில ரெண்டு பல்லு விழுந்த மாதிரி. இன்னைக்கும் சேர்க்குறவங்களுக்கு அந்த ரெண்டு நம்பர் மேலதான் கண்ணு.

அமெரிக்காவுல கேஸ்னு ஒரு கம்பெனி. 1970ல கத்தி பிளேடு மேல பத்து புள்ளி வச்சாங்க. அடுத்தடுத்த வருஷம் ஒவ்வொரு புள்ளியா எடுத்தாங்க. 1979ல ஒரே ஒரு புள்ளி. புள்ளியை எண்ணினா கத்தி எந்த வருஷம் செஞ்சதுன்னு தெரிஞ்சுடும். பக் கம்பெனியோட 110 மாடல் 1964லேர்ந்து வருது, பேர்லயே நம்பர். சுவிஸ் கத்தி தெரியும்ல, விக்டோரினாக்ஸ்? அதுல சுவிஸ்சாம்ப்னு ஒரு மாடல், 33 வேலை செய்யும். கத்தி, கத்தரி, ரம்பம், மீன் செதில் சுரண்டுற தகடு, பூதக்கண்ணாடி வரைக்கும்.

இந்த விளையாட்டோட அழகு என்ன தெரியுமா? ஒழுங்கா விளையாடினா ஒரு பைசா செலவில்லை. கையில இருக்குற கத்தியையே திருப்பித் திருப்பிப் பார்த்து நம்பர் தேடலாம். ரெண்டு பிளேடு இருந்தா 2. மூணு ஆணி அடிச்சிருந்தா 3. 33 வேலை செய்யுற ஒரே கத்தி இருந்தா, அதை வச்சே முப்பத்து மூணு நம்பர் ஓட்டலாம். டிராயர்ல தூங்குற பொருளை எடுத்துத் துடைச்சு, மறுபடி ரசிக்க வைக்குற விளையாட்டு இது.

நான் ஒழுங்கா விளையாடலை.

15 ரூபாய்லேர்ந்து 61,300 ரூபாய்க்கு

எனக்கு ஊரு மணலூர்பேட்டை. கள்ளக்குறிச்சி மாவட்டம், தென்பெண்ணை ஆத்தங்கரை. திருவண்ணாமலைக்கும் திருக்கோவிலூருக்கும் நடுவுல. வருஷா வருஷம் தை 5ஆம் தேதி எங்க ஊர்ல ஆத்துத் திருவிழா. திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எங்க ஊர் ஆத்துக்கு வருவார். அன்னைக்கு மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம், வரிசையா கடை.

ஆறாவது படிக்கும்போது அந்தக் கடையிலதான் என் முதல் கத்தியை வாங்கினேன். 15 ரூபாய். சிவப்புக் கைப்பிடி, ஒரே ஒரு பிளேடு. அப்பா திட்டினார், தாத்தா மட்டும் சிரிச்சார். பென்சில் சீவ, மாங்காய் அறுக்க, காத்தாடி நூல் வெட்டன்னு ஸ்கூல் முடியுற வரைக்கும் அது என் டவுசர் பாக்கெட்லதான் கிடந்துச்சு.

சென்னைக்கு வேலைக்கு வந்து கையில சம்பளம் புழங்க ஆரம்பிச்சதும் அந்தப் பழைய ஆசை திரும்ப வந்துச்சு. முதல்ல ஒரு ஓபினெல் 8. அப்புறம் ஒரு சுவிஸ். தப்பே இல்லை, என் காசு, என் சந்தோஷம். அப்புறம்தான் ஒரு ஒன்பது பேர் சேர்ந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி இந்த எண்ணுற விளையாட்டை ஆட ஆரம்பிச்சோம்.

மெல்ல மெல்ல ஒண்ணு நடந்துச்சு. "என்கிட்ட இருக்குற கத்தியில எந்த நம்பர் தெரியுது?"ன்னு இருந்த கேள்வி, "அடுத்த நம்பருக்கு நான் எந்தக் கத்தி வாங்கணும்?"னு மாறிடுச்சு. விளையாட்டு அதேதான். நான் மட்டும் விளையாடுறவன்லேர்ந்து வாடிக்கையாளரா மாறிட்டேன்.

2024 அக்டோபர்ல என்கிட்ட 16 கத்தி இருந்துச்சு. எண்ணிக்கை முதல் ரவுண்டு முடிஞ்சு மறுபடி 1-லேர்ந்து ஆரம்பிச்சிருந்தோம். 10 ஒருத்தர் போட்டுட்டார். 11 யார்கிட்டயும் இல்லை. ஓபினெல்லதான் 11 கிடையாதே! ரெண்டு நாளா எல்லாரும் சும்மா இருக்காங்க. எனக்குத் தூக்கம் வரலை. நடுராத்திரி ஆன்லைன்ல தேடி, மாடல் நம்பர்ல 11-ன்னு ஒரு இடத்துல வர்ற ஒரு கத்தியைப் பிடிச்சேன். 12,000 ரூபாய். அந்தக் கத்தி எனக்குப் பிடிச்சிருந்துச்சான்னு கேட்டா, சத்தியமா இல்லை. அதுல 11 இருந்துச்சு. அதோட தகுதி அவ்வளவுதான். மாசம் 2,000, ஆறு மாசம், நோ காஸ்ட் இ.எம்.ஐ. பட்டனைத் தட்டிட்டேன்.

போட்டோ போட்டதும் எட்டு ஹார்ட் வந்துச்சு. அடுத்த அஞ்சாவது நிமிஷம் ஒருத்தர் 12 போட்டுட்டார். என் 11-ஐ அதுக்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கலை.

ரெண்டு வருஷத்துல மொத்தம் 17 கத்தி, 61,300 ரூபாய்.

டிசம்பர் 2

அந்த வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. மழை எங்க பக்கம் கொட்டித் தீர்த்துச்சு. எங்க ஊருக்கு மேல இருக்குற சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 விடியற்காலையில சுமார் 1.68 லட்சம் கன அடி தண்ணி தென்பெண்ணையில வந்துச்சு. டி.வி.யில விழுப்புரம், கடலூர் காட்சியெல்லாம் நீங்களும் பாத்திருப்பீங்க.

எங்க நிலம் ஆத்தோரம். அப்பாவுக்கு போன் பண்ணினா லைன் போகலை. மதியம்தான் கிடைச்சார். "நாங்க நல்லா இருக்கோம்ப்பா. வீட்டுக்குத் தண்ணி வரலை. கெணத்து மோட்டாரு மட்டும் சேத்துக்குள்ள போயிடுச்சு."

"எவ்ளோப்பா ஆகும்?"

"பாத்துக்கலாம், நீ வேலையப் பாரு."

எனக்குச் சம்பளம் 7ஆம் தேதி. அன்னைக்கு அக்கவுன்ட்ல 6,240 ரூபாய் இருந்துச்சு. அதுலயும் மூணு இ.எம்.ஐ.க்கு 5,100 போகணும். அதனால நானும் மறுபடி கேக்கலை. உண்மையைச் சொல்லணும்னா, அப்பா "பாத்துக்கலாம்"னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியை நினைச்சாத்தான் இன்னைக்கும் உறுத்துது.

பத்து நாள் கழிச்சு தங்கச்சி போன்ல வேற எதையோ பேசும்போது வாய் தவறிச் சொன்னா. காயில் கட்டி, ஸ்டார்ட்டர் மாத்தி, கேபிள் இழுத்து 18,500 ஆச்சாம். அம்மாவோட வளையலை அடகு வச்சிருக்காங்களாம்.

அன்னைக்கு ராத்திரி டிராயரைத் திறந்தேன். 17 கத்தியும் வரிசையா இருந்துச்சு. ஒரு மோட்டாரை மூணு தடவை ரிப்பேர் பண்ற காசு அந்த டிராயர்ல மடிஞ்சு கிடந்துச்சு. ஆனா அதை வச்சு ஒரு அடி வயர் கூட வாங்க முடியாது.

அடுத்த மாசம் 11 கத்தியை வித்தேன். நான் வாங்கினது கிட்டத்தட்ட 44,000-க்கு. கிடைச்சது 23,500. "இதெல்லாம் கலெக்‌ஷன்டா, விலை ஏறும்"னு எனக்கு நானே சொல்லிட்டிருந்தது எல்லாம் அன்னைக்குத் தெளிஞ்சுது. விலை ஏறுற பழைய கத்திங்க உலகத்துல இருக்கு. நடுராத்திரி ஆன்லைன்ல கிடைக்குற கத்தி அந்த லிஸ்ட்ல இல்லை. வளையலை மீட்டாச்சு. அம்மா இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை.

நம்பர் ஏன் நம்மளை இழுக்குது?

நான் முட்டாள், அதனால மாட்டிக்கிட்டேன்னு நினைச்சு நீங்க தப்பிச்சிட முடியாது. இது எல்லாருக்கும் நடக்குறதுதான். ஆராய்ச்சியே இருக்கு.

2006ல நியூன்ஸ், டிரேஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கார் கழுவுற இடத்துல 300 பேருக்கு ஸ்டாம்ப் கார்டு கொடுத்தாங்க. பாதிப் பேருக்கு 8 கட்டம் உள்ள கார்டு. எட்டு தடவை கழுவினா அடுத்தது ஃப்ரீ. மீதிப் பேருக்கு 10 கட்டம், ஆனா அதுல 2 கட்டம் முன்னாடியே ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தாச்சு. யோசிச்சுப் பாருங்க, ரெண்டு பேருமே எட்டு தடவைதான் கழுவணும். ஒரு பைசா வித்தியாசம் இல்லை. ஆனா முதல் கூட்டத்துல 19 சதவீதம் பேர்தான் முழுசா முடிச்சாங்க. ரெண்டாவது கூட்டத்துல 34 சதவீதம். "ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு"ங்கிற நினைப்பு மட்டுமே இவ்வளவு வேலை செய்யுது.

நம்ம ஊர்ல? 1999 உலகக் கோப்பை சமயத்துல பிரிட்டானியா ஒரு ஆஃபர் போட்டாங்க. பிஸ்கட் உறையில ரன் இருக்கும். 100 ரன் சேர்த்தா ஒரு புத்தகம் கொடுப்பாங்க, சுரண்டிப் பார்த்தா இங்கிலாந்து போய் மேட்ச் பாக்குற வாய்ப்பு கூட விழலாம். உங்க அண்ணன், அக்காவைக் கேட்டுப் பாருங்க. 92 ரன்ல நின்னப்ப வீட்ல பிஸ்கட் தேவைப்பட்டுச்சா, 8 ரன் தேவைப்பட்டுச்சான்னு.

இன்னைக்கு அந்த பிஸ்கட் உறை உங்க போன்ல இருக்கு. "இன்னும் 149 ரூபாய்க்கு வாங்கினா டெலிவரி ஃப்ரீ." "இன்னும் ரெண்டு ஆர்டர்ல கோல்டு மெம்பர்." "வருஷத்துல இவ்வளவு செலவு பண்ணினா கார்டு கட்டணம் தள்ளுபடி." எல்லாமே எண்ணுற விளையாட்டுதான். கத்தி விளையாட்டுக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம்: கத்தி விளையாட்டுல யாரும் சம்பாதிக்கலை, நாமளா போய் விழுந்தோம். இதுல விளையாட்டை டிசைன் பண்ணினவரே கல்லாவுல உக்காந்திருக்கார்.

"நோ காஸ்ட்"ல காஸ்ட் எங்க இருக்கு?

என் 12,000 ரூபாய் கத்தியையே எடுத்துக்கலாம். நோ காஸ்ட் இ.எம்.ஐ. பொதுவா எப்படி நடக்குதுன்னா, பேங்க் உங்களுக்கு வட்டி போடும், அந்த வட்டி அளவுக்கு விக்குறவர் விலையில தள்ளுபடி கொடுப்பார். 15 சதவீத வட்டி, ஆறு மாசம்னா அந்த வட்டி சுமார் 508 ரூபாய். அது தள்ளுபடியில சரியாகிடும். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்க தலையில, அது 91 ரூபாய். பிராசசிங் கட்டணம் 199, அதுக்கு ஜி.எஸ்.டி. 36. மொத்தம் 326 ரூபாய் கூடுதல். ரொக்கமா வாங்கினா கிடைச்சிருக்கக்கூடிய தள்ளுபடி போச்சுன்னா அது தனிக் கணக்கு. பேங்குக்கு பேங்க் இந்த நம்பர் மாறும். "ஜீரோ வட்டி"ங்கிறதுல வட்டியை வேற பேர்ல மறைக்குறாங்கன்னு ரிசர்வ் வங்கியே 2013ல பேங்குகளுக்குச் சொல்லிடுச்சு.

ஆனா என் கருத்து என்னன்னா, அந்த 326 ரூபாய் பெரிய பிரச்சினையே இல்லை. 12,000-ங்கிற நம்பரை 2,000-ன்னு காட்டுச்சு பாருங்க, அதுதான் உண்மையான விலை. 12,000 மொத்தமா கையிலேர்ந்து போகணும்னா அந்த ராத்திரி நான் தூங்கப் போயிருப்பேன். கத்தி எண்ணுறவன் எந்த நம்பரை எண்ணணும்னு நான் முடிவு பண்ணலை. 11-ன்னு விளையாட்டு முடிவு பண்ணுச்சு, 2,000-ன்னு ஆப் முடிவு பண்ணுச்சு. நான் முடிவு பண்ண வேண்டிய நம்பர் 18,500. அது எனக்குத் தெரியவே தெரியாது.

தாத்தா எண்ணின விதம்

இப்ப அந்தத் தம்பி கேள்விக்கு வர்றேன். நிறுத்தணுமா?

வேண்டாம். சேர்க்குற பழக்கத்தை நிறுத்தச் சொல்றவங்க ஒண்ணை மறந்துடறாங்க. எட்டு மணி நேரம் ஸ்கிரீனைப் பாத்துட்டு, ரூமுக்கு வந்து, நமக்குன்னு ஆசையா எடுத்துப் பாக்க ஒரு பொருள் இருக்குறது சின்ன விஷயம் இல்லை. அதையும் பிடுங்கிட்டா, அந்தக் கோபத்துல வேற எங்கயாவது செலவு பண்ணுவோம். எண்ணுற ஆசை தப்பில்லை. எதை முதல்ல எண்ணுறோம்ங்கிறதுதான் விஷயம்.

எங்க தாத்தா களத்துல நெல் அளக்கும்போது மரக்காலை முதல் தடவை கவுத்துட்டு "ஒண்ணு"ன்னு சொல்ல மாட்டார். "லாபம்"னு சொல்வார். லாபம், ரெண்டு, மூணு, நாலு... உங்க ஊர்லயும் இப்படி எண்ணுறதைக் கேட்டிருப்பீங்க. சின்ன வயசுல அது ஏதோ சாமி விஷயம்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, நான் படிச்ச பர்சனல் ஃபைனான்ஸ் புத்தகமெல்லாம் பக்கம் பக்கமா சொல்றதை அவர் ஒரே வார்த்தையில சொல்லிட்டார். எண்ணிக்கையில முதல் இடம் லாபத்துக்கு. செலவு ரெண்டுலேர்ந்துதான் ஆரம்பிக்கும்.

நாம என்ன பண்றோம்? வாடகை ஒண்ணு, இ.எம்.ஐ. ரெண்டு, ஸ்விக்கி மூணு, கத்தி நாலு. எல்லாம் எண்ணி முடிச்சு, மிச்சம் இருந்தா சேமிப்பு. மிச்சம் எப்ப இருந்திருக்கு?

ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்க. ஆத்தங்கரை ஊர்ல பிறந்து, நான் அளக்காமப் போட்டேன்.

அதே விளையாட்டு, நம்ம பக்கம்

எண்ணுறது நமக்குப் பிடிக்குதுல்ல? அப்ப அதையே வேலை வாங்கிக்கலாம். நான் இப்ப ஆடுற விளையாட்டு இது.

ஒரு பேப்பர்ல 1-லேர்ந்து 365 வரைக்கும் கட்டம் போடுங்க. தினம் ஒரு நம்பரை அடிச்சுட்டு, அத்தனை ரூபாயைத் தனி அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க. முதல் நாள் 1 ரூபாய், ரெண்டாவது நாள் 2 ரூபாய். வருஷக் கடைசியில 66,795 ரூபாய் இருக்கும். என் 17 கத்தி மொத்த விலையை விட அதிகம்! ரெண்டு வருஷத்துல நான் டிராயர்ல போட்டதை விட, ஒரே வருஷத்துல.

இந்த விளையாட்டை நிறைய பேர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, அதை யாரும் சொல்றதில்லை. வரிசையாப் போனா ஜனவரி மாசத்துக்கு வெறும் 496 ரூபாய்தான். டிசம்பருக்கு 10,850! நம்ம சம்பளம் ஜனவரியிலயும் டிசம்பர்லயும் ஒண்ணுதானே? அதனாலதான் பாதிப் பேர் தீபாவளியோட விட்டுடறாங்க.

அதுக்கு என் மாற்றம்: வரிசையே வேண்டாம். எந்த நம்பரை வேணா எந்த நாள்ல வேணா அடிக்கலாம். சம்பளம் வந்த வாரம் 340, 355-ன்னு பெரிய நம்பரா அடிங்க. மாசக் கடைசியில 4, 9, 12. சராசரியா மாசம் 5,566 ரூபாய் வரும். சம்பளம் கம்மியா? 200 வரைக்கும் மட்டும் கட்டம் போடுங்க, 20,100 ரூபாய் சேரும். அதுவும் கஷ்டம்னா 100 வரைக்கும், 5,050 ரூபாய். சின்னத் தொகைன்னு நினைக்காதீங்க. அந்த டிசம்பர் 2ஆம் தேதி என்கிட்ட இருந்ததோட இன்னொரு 5,050 இருந்திருந்தா, குறைஞ்சபட்சம் மறுபடி ஒரு தடவை "எவ்ளோப்பா ஆகும்?"னு கேட்டிருப்பேன்.

மாசா மாசம் ஒரே தொகை போடணும்னு நினைக்குறவங்களுக்கு தபால் ஆபீஸ் ஆர்.டி. இருக்கு. 100 ரூபாய்லேர்ந்து ஆரம்பிக்கலாம், 5 வருஷம். மாசம் 5,000 போட்டா நீங்க போடுறது 3 லட்சம். 6.7 சதவீத வட்டிக் கணக்குல முடிவுல சுமார் 3.56 லட்சம் வரும். வட்டியை அரசாங்கம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை அறிவிக்கும், நீங்க சேரும்போது எவ்வளவுன்னு பாத்துக்கோங்க. ஆனா அவசரத்துக்கு வேணும்ங்கிற பணத்தை இதுல பூட்டாதீங்க. அது சேவிங்ஸ்லயே இருக்கட்டும்.

மூணே மூணு விதி

ஒண்ணு... இல்லை, லாபம்: சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானா வேற அக்கவுன்ட்டுக்குப் போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போடுங்க. 500 ரூபாயா இருந்தாலும் சரி. எண்ணிக்கையில அதுதான் முதல்.

ரெண்டு: உங்க முதல் இலக்கு ஆறு மாசச் செலவு இல்லை. அது பெரிய நம்பர், பார்த்தாலே மலைப்பா இருக்கும். அது அப்புறம். முதல்ல இந்தக் கேள்வியைக் கேளுங்க: ஊர்ல எது உடைஞ்சா எனக்கு போன் வரும்? அல்லது போன் வராம அம்மா வளையல் போகும்? கெணத்து மோட்டாரா, கூரையா, அப்பா வண்டியா, மாடா? அதைச் சரி பண்ண எவ்வளவு ஆகும்னு இன்னைக்கே விசாரிங்க. அந்தத் தொகைதான் உங்க முதல் நம்பர். என் நம்பர் 18,500. உங்க நம்பர் உங்க வீட்லதான் இருக்கு.

மூணு: ஷூவோ, கத்தியோ, பெர்ஃப்யூமோ, வாங்குங்க. ஆனா அதுக்குன்னு தனியா சேர்த்த காசுல, முழுத் தொகை கொடுத்து. இ.எம்.ஐ.யில விளையாட்டுப் பொருள் வேண்டாம். வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: "இந்தப் பொருள் பிடிச்சிருக்கா, இல்லை இந்தக் கட்டம் காலியா இருக்கா?" கட்டம்தான் காலியா இருக்குன்னா, அது அப்படியே இருக்கட்டும். ஓபினெல் கம்பெனியே 11 இல்லாம தொண்ணூறு வருஷமா ஓட்டிட்டிருக்கு.

கடைசியா

என்கிட்ட இப்ப ஆறு கத்தி இருக்கு. ஞாயித்துக்கிழமை விளையாட்டை விடலை. போன மாசம் என் முறை வந்தப்ப நம்பர் 15. பழைய டப்பாவைத் தேடி, மணலூர்பேட்டை ஆத்துத் திருவிழாவுல வாங்கின அந்தச் சிவப்புக் கத்தியை எடுத்து போட்டோ போட்டேன். பிளேடு பாதி தேஞ்சிருச்சு, கைப்பிடியில விரிசல். "இதுல 15 எங்க?"ன்னு கேட்டாங்க. "விலை"ன்னு சொன்னேன். அந்த நம்பரை எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

அப்பா போன வாரம் போன் பண்ணினார். மோட்டார் நல்லா ஓடுதாம். ஸ்டார்ட்டர்ல மட்டும் ஏதோ சத்தம் வருதாம். "எவ்ளோப்பா ஆகும்?"னு கேட்டேன். "பாத்துக்கலாம்"னார். "இல்லப்பா, சொல்லுங்க"ன்னேன். சொன்னார். அனுப்பிட்டேன்.

உங்க வீட்டு நம்பர் எவ்வளவு? இன்னைக்கு ராத்திரி போன் போட்டுக் கேளுங்க. கேட்டுட்டு வந்து கமென்ட்ல போடுங்க, பேர் கூட வேண்டாம், நம்பர் மட்டும் போதும். அடுத்த வீடியோல அந்த நம்பர்களை வச்சே பேசலாம்.

(வழக்கம்போல: நான் செபியில பதிவு பண்ணின ஆலோசகர் இல்லை. இது என் அனுபவமும் கருத்தும் மட்டுமே. உங்க நிலைமையைப் பார்த்து நீங்க முடிவு பண்ணுங்க.)